தஸ்தூர் தாராபும் அவருடைய முரட்டு மாணவரும்: குஜராத் கரையில் ஒரு பயணம்

சனி, சூரத்

சூரத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சேலைப் பட்டியலை எழுதிக் கையில் திணித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் ஆட்டோக்காரர், "டெக்ஸ்டைலா, டைமண்டா?" என்றார். இந்த ஊருக்கு வர வேறு காரணம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை போலும்.

நான் வந்தது ஒரு பிரெஞ்சுக்காரரின் தடம் பார்க்க. 1758 மே முதல் தேதி இந்த ஊருக்குள் வந்து சேர்ந்தவர். அப்போது வயது இருபத்தாறு. பெயர் ஆபிரகாம் இயாசிந்த் ஆங்கெத்தில்-துபெரோன். ஜொராஸ்ட்ரிய மதத்தின் மறைநூலான அவெஸ்தாவை முதன்முதலில் ஓர் ஐரோப்பிய மொழிக்குக் கொண்டுபோனவர். புதுச்சேரிக்காரனான எனக்கு அவர்மேல் கொஞ்சம் உரிமையும் உண்டு. 1755 ஆகஸ்டில் அவர் இந்தியாவில் கால்வைத்தது எங்கள் கடற்கரையில்தான். துப்ளேக்ஸ் முந்தைய ஆண்டே ஊர் திரும்பிவிட்டிருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். பிற்பாடு சூரத்தில் அவருக்குச் சோறு போட்ட பாரசீக மொழியை, புதுச்சேரியில் வைத்துத்தான் உருப்படியாகப் படித்தார்.

ஏன் வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் ஓர் அவெஸ்தா சுவடி சங்கிலி போட்டுக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்ட்ரியர்களான பார்சிகளிடமிருந்து, சூரத்தில் ஓர் ஆங்கிலேய வணிகர் வாங்கி அனுப்பியது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவில் ஒருவரும் இல்லை. அதிலிருந்து நான்கு பக்கங்களைப் பார்த்து வரைந்த நகல் பாரிஸில் இருந்தது. 1754இல் அது இந்த இளைஞர் கண்ணில் பட்டது. எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத அந்த நான்கு பக்கத்துக்காக, பிரெஞ்சுக் கம்பெனியின் படையில் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்துவிட்டார். மூட்டையில் இரண்டு சட்டை, ஒரு எபிரேய பைபிள், மோந்தேனின் கட்டுரைகள். சிறையிலிருந்து பிடித்துவந்த ஆட்களோடு துறைமுகம் வரை நடை. அங்கே போய்ச் சேருவதற்குள் நண்பர்கள் மந்திரியைப் பிடித்துச் சிப்பாய் வேலையிலிருந்து விடுவித்து, 500 லீவ்ர் உதவித்தொகைக்கும் வழி செய்துவிட்டார்கள். ஆனாலும் கிளம்பும்போது அவருக்கு அது தெரியாது, சிப்பாயாகத்தான் கிளம்பினார்.

புதுச்சேரியிலிருந்து நேரே சூரத் வந்தாரா என்றால், அதுதான் இல்லை. வங்காளத்துக்குப் போனார். 1757இல் அங்கிருந்த பிரெஞ்சுக் குடியிருப்பான சந்தர்நாகூர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அங்கிருந்து ஒரிசா, ஆந்திரக் கரை வழியாகத் தரைமார்க்கமாகவே மறுபடி புதுச்சேரி. பிறகு கப்பலில் மாஹே; மலபார், கோவா, அவுரங்காபாத் வழியாக இங்கே. நடுவில் எல்லோராக் குகைகளையும் விடாமல் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறார். நான் நவஜீவன் எக்ஸ்பிரஸில் சைடு பெர்த் கிடைத்ததற்கே புலம்பிக்கொண்டு வந்தேன்.

மாலையில் தாப்தி ஓரம் கோட்டையைப் பார்த்தேன். புதுப்பித்து மியூசியமாக வைத்திருக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறது. 1759 மார்ச்சில் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைக் கைப்பற்றியபோது ஆங்கெத்தில் ஊருக்குள்தான் இருந்தார். எதிரி நாட்டான், சுற்றிலும் சண்டை, அவர் பாட்டுக்கு, இடைக்காலப் பாரசீக மொழியான பஹ்லவியின் இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, சூரத்

காலையில் லோச்சோ. கடலை மாவை வேகவைத்து, எண்ணெய் ஊற்றி, மேலே சேவும் வெங்காயமும் தூவித் தருகிறார்கள். டோக்ளா செய்யப்போய்ப் பதம் தவறியதுதான் இது என்று கடைக்காரரே சொல்லிச் சிரித்தார். தவறியது நல்லதாயிற்று.

பிறகு ஷாபூர். பழைய பார்சிக் குடியிருப்பு. வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருந்த வீட்டு வாசல்களில் சுண்ணப்பொடிக் கோலம். அச்சுத் தகரத்தில் குத்தி எடுத்த மீன் உருவம். இந்தப் பகுதியில் இரண்டு அதஷ் பெஹ்ராம்கள் உண்டு. பார்சிகளின் மிக உயர்ந்த நிலை அக்கினிக் கோயில் அது. இந்தியா முழுக்கவே எட்டுதான். அதில் இரண்டு இந்த ஒரே பேட்டையில், இரண்டும் 1823இல், சில வார இடைவெளியில் பிரதிஷ்டை ஆனவை. ஊரில் அவ்வளவு பக்தியா என்றால், பக்தியோடு போட்டியும் உண்டு. ஒன்று ஷஹன்ஷாஹிகளுடையது, மற்றது கத்மிகளுடையது. பார்சி அல்லாதவருக்கு இரண்டிலும் அனுமதி இல்லை.

இந்தப் போட்டிதான் நம் கதையின் மையம். 1720களில் ஈரானின் கெர்மானிலிருந்து ஜமாஸ்ப் என்ற தஸ்தூர், அதாவது தலைமைக் குரு, சூரத் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதால் ஜமாஸ்ப் விலாயதி என்றே பெயராகிவிட்டது. இங்குள்ள குருமார்கள் அவெஸ்தாவை மனப்பாடமாக ஓதினார்களே தவிர, பொருள் தெரிந்தவர்கள் குறைவு என்று கண்டார். இறந்தவரின் முகத்தில் பதான் என்னும் துணியைக் கட்டுவது சரியா தவறா என்று ஊர் ஏற்கனவே இரண்டுபட்டிருந்தது. இதில் நாட்காட்டி வேறு. ஈரானில் இருப்பதற்கும் இங்கே இருப்பதற்கும் சரியாக ஒரு மாத வித்தியாசம். இதையெல்லாம் தெருவில் சொன்னால் அடிதடி ஆகும் என்று புரிந்துகொண்ட ஜமாஸ்ப், சூரத், நவ்சாரி, பரூச் ஆகிய ஊர்களில் ஆளுக்கு ஒருவராக மூன்று குருமார்களுக்குப் பஹ்லவியும் அவெஸ்தாவும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். சூரத்தில் அவரிடம் கற்றவர் தாராப். 1745இல் ஒரு பிரிவினர் ஈரான் நாட்காட்டிக்கு மாறினார்கள், அவர்கள்தான் கத்மிகள்; பழையதிலேயே நின்றவர்கள் ஷஹன்ஷாஹிகள். இன்றைக்கும் இரண்டு பிரிவுக்கும் புத்தாண்டு ஒரு மாதம் முன்பின்னாக வருகிறது.

பதின்மூன்று ஆண்டு கழித்து ஆங்கெத்தில் வந்து இறங்கும்போது ஊர் இந்த நிலையில் இருக்கிறது. தாராப் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார், பணத்துக்கு. ஆனால் மதத்தின் உள்விஷயத்தை அந்நியனுக்குக் கொடுப்பதில் தயக்கம் இருக்காதா? சுவடி தர இழுத்தடித்தார். ஒருவழியாகத் தந்த, அவெஸ்தாவின் ஒரு பகுதியான வெந்திதாத் பிரதியும் முழுமையாக இல்லை. ஆங்கெத்தில் என்ன செய்தார் தெரியுமா? டச்சு வணிக மனையின் தலைவரைப் பிடித்து, அவர்மூலம் எதிர்க்கட்சித் தலைவரான மன்செர்ஜியிடமிருந்து இன்னொரு பிரதியை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். வேறுபாடுகளைத் தாராப் முகத்துக்கு நேரே நீட்டினார். தாராபுக்கு வேறு வழியில்லை. அதன்பிறகு பாடம் ஒழுங்காக நடந்தது.

இதையெல்லாம் ஆங்கெத்திலே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். தாராபின் தரப்பை எழுதிவைக்க ஆளில்லை. எனக்கு என்னவோ அந்த மனிதர்மேல்தான் அனுதாபம். சொந்தச் சமூகத்தில் பாதிப் பேர் எதிரிகள். வாசலில் ஓர் அந்நியன், கையில் பணமும் வாயில் மிரட்டலுமாக. அப்படியும் அவர் தந்தது சாதாரணமானதல்ல. பாடம் நடந்த விதம் இப்படி: தாராப் அவெஸ்தா வரியை வாசிப்பார், பஹ்லவி உரையைப் பார்த்துப் பொருளைப் பாரசீகத்தில் சொல்வார், ஆங்கெத்தில் குறித்துக்கொள்வார். முதலில் ஒரு சொற்கோவை, பிறகு வெந்திதாத், பிறகு மற்றவை. 1759, 1760 இரண்டு ஆண்டும் இப்படியே ஓடின. நடுவில் தீராத வயிற்றுக்கோளாறு. நடுவில் ஒரு துவந்த யுத்தமும் உண்டு: சக பிரெஞ்சுக்காரர் ஒருவரை வாளால் கொன்றுவிட்டு, ஆங்கிலேயர்களிடமே போய்த் தஞ்சம் புகுந்தார்! அறிஞர் என்றதும் நம் மனதில் வரும் சாந்தமான உருவத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

1760இல் தாராப் அவருக்குப் பார்சி உடை உடுத்தி அக்கினிக் கோயிலுக்குள்ளேயே கூட்டிப்போயிருக்கிறார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "தாராப் எங்களுடைய கத்மி ஆள்தான், தெரியுமா?" என்றார். அவருக்கு அதுதான் முக்கியம்.

திங்கள், நவ்சாரி

சூரத்திலிருந்து மெமு ரயிலில் அரை மணிச் சொச்சம். ஜாம்ஷெட்ஜி டாட்டா பிறந்த ஊர், தாதாபாய் நவ்ரோஜி பிறந்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வந்தது 1872இல் தொடங்கப்பட்ட மெஹர்ஜிராணா நூலகத்துக்கு. அக்பரின் அவைக்குப் போய்ச் சமய விவாதங்களில் கலந்துகொண்ட தஸ்தூர் மெஹர்ஜி ராணாவின் பெயர். உயரமான மரச் சன்னல்கள், சுவர் நிறைய வெள்ளை அங்கியும் தாடியுமாகத் தஸ்தூர்களின் படங்கள், கண்ணாடி அலமாரிகள். நூலகர் அம்மா ஒரு வெந்திதாத் சுவடியை விரித்துக் காட்டினார். வலமிருந்து இடம் ஓடும் எழுத்து. அவெஸ்தா எழுத்துகள் தனித்தனியாக, தெளிவாக நிற்கின்றன. பஹ்லவி வந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. ஒரே வடிவம் பல ஒலிகளுக்கு நிற்கும். போதாக்குறைக்கு, எழுதுவது அரமேயச் சொல்லாக இருக்கும், வாசிப்பது பாரசீகச் சொல்லாக. இதைப் பார்த்தபிறகு தாராபின் பொருள்கூறலில் பிழை இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

மேசையில் உட்கார்ந்து, இதன் பிறகு நடந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்னால்தான் கண்மூடியிருந்தார். காசிக்குப் போய்ச் சமஸ்கிருதம் படித்து வேதங்களையும் மொழிபெயர்ப்பது என்று ஆங்கெத்தில் போட்டிருந்த திட்டம் அத்தோடு போயிற்று. மார்ச்சில் சூரத்தை விட்டு, எதிரியின் கப்பலிலேயே இங்கிலாந்து போய் இறங்கினார். அங்கே கொஞ்ச காலம் தடுத்துவைத்தார்கள். விட்டதும் ஊருக்கு ஓடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், அந்தச் சங்கிலி போட்ட சுவடியைத் தன்னிடம் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். 1762 மார்ச் 15 அன்று 180 சுவடிகளைப் பாரிஸ் அரச நூலகத்தில் ஒப்படைத்தார்.

1771இல் மொழிபெயர்ப்பு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பாராட்டு மழை இல்லை, கல்மழை. முன்னுரையில் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்களைச் சீண்டியிருந்தார் நம் ஆள். அங்கே இருபத்தைந்து வயது வில்லியம் ஜோன்ஸ் என்றொருவர் இருந்தார். ஆமாம், பின்னால் கல்கத்தாவில் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைச் சொல்லிப் புகழ்பெற்றவரேதான். பிரெஞ்சிலேயே, பெயர் போடாமல், ஒரு சிறு நூலை எழுதிக் கிழித்துத் தொங்கவிட்டார். இவ்வளவு அபத்தமான சரக்கை ஜொராஸ்டர் மாதிரி ஒரு ஞானி எழுதியிருக்க முடியாது, உம்மை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது வாதம்.

ஜோன்ஸ் ஏன் அப்படி நினைத்தார் என்பதும் புரியாமல் இல்லை. கிரேக்க நூல்களைப் படித்து ஜொராஸ்டரை ஒரு மாபெரும் தத்துவஞானியாக ஐரோப்பா கற்பனை செய்து வைத்திருந்தது. கையில் வந்ததோ வெந்திதாத். பிணத்தைத் தொட்டால் என்ன சுத்தி, நாயை அடித்தால் என்ன தண்டனை, வெட்டிய நகத்தையும் முடியையும் எங்கே போடுவது. திருவாசகம் படிக்கப்போகிறோம் என்று ஆசையாக வந்தவர் கையில் கோயில் பட்டரின் பிராயச்சித்த விதிப் புத்தகத்தைக் கொடுத்தது போல. தத்துவம் இல்லாமல் இல்லை. காதைகள் என்னும் பழம்பாடல்கள் அதே அவெஸ்தாவில், யஸ்னா என்ற வழிபாட்டுப் பகுதிக்குள்தான் இருந்தன. அவைதான் மிகப் பழையவை, ஜொராஸ்டரின் வாக்கு என்று சொல்லத்தக்கவை என்பதை எடுத்துக்காட்ட, அடுத்த நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் மார்ட்டின் ஹாக் வரவேண்டியிருந்தது. அவரும் பூனாவில் வேலைபார்த்தவர்.

மதியத்துக்கு மேல் நூலகத்தில் என்னைத் தவிர ஒரு கல்லூரிப் பெண் மட்டும். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே கரும்புக் காடியில் போட்ட ஊறுகாய் இரண்டு பாட்டில் வாங்கினேன்.

செவ்வாய், உத்வாடா

ஸ்டேஷனிலிருந்து ஊர் தள்ளித்தான் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் போகவேண்டும். தெரு இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், வாசலில் ஊஞ்சல் போட்ட ஒட்லா. நம் ஊர்த் திண்ணை என்று வைத்துக்கொள்ளலாம். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. கருங்கல்லைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் ஈரான்ஷா. இந்தியப் பார்சிகளின் முதல் நெருப்பு. சஞ்சானில் ஏற்றப்பட்டு, படையெடுப்புக்குப் பயந்து மலைக்குகை, காடு, நவ்சாரி, சூரத் என்று சுற்றி 1742இல் இங்கே வந்தது. இவ்வகை நெருப்பை உண்டாக்கப் பதினாறு வகை நெருப்புகளைச் சேர்த்துச் சுத்தி செய்கிறார்கள். மின்னல் விழுந்து பற்றிய நெருப்பு, கொல்லனின் உலை, சிதையின் நெருப்புகூட அதில் உண்டு. நான் எதிர்க் கடையில் உட்கார்ந்தேன். சுகத் என்று சந்தனக் கட்டைகளை எடைபோட்டு விற்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் வாசலில் நின்று, குஸ்தி என்னும் புனித இடைக்கயிற்றை அவிழ்த்து முடிந்துகொள்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை நெருப்புக்குக் கட்டை வைக்கும் சடங்கு. அப்போது மணி அடிக்கும். மதியம் அது வெளியே கேட்டது. உள்ளே விட மாட்டார்கள் என்பது எனக்கு வருத்தமாக இல்லை. எல்லாவற்றையும் எட்டிப்பார்த்தே தீரவேண்டும் என்ற துடிப்பு ஆங்கெத்திலோடு இருக்கட்டும்.

நேற்றைய பதிவைப் படித்த நண்பர் ஒருவர், "கடைசியில் அந்த ஆள் என்ன ஆனார்?" என்று கேட்டிருந்தார். 'போய்' என்ற மீனோடு சாப்பாடு தயாராகும்வரை அதை எழுதிவிடுகிறேன்.

பாரிஸில் அவர் பணக்காரர் ஆகவில்லை. கல்யாணம் இல்லை. கீழைநாட்டு அரசுகள் எல்லாமே கொடுங்கோன்மை, அங்கே சட்டமும் இல்லை சொத்துரிமையும் இல்லை என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தெஸ்கியூ சொன்னதை ஐரோப்பா தலைமேல் வைத்துக் கொண்டாடிய காலத்தில், 1778இல் ஒரு நூல் எழுதி மறுத்தார். நான் அங்கே இருந்து பார்த்தவன். துருக்கியிலும் பாரசீகத்திலும் இந்தியாவிலும் எழுதிய சட்டம் உண்டு, ஆள்பவனையும் அது கட்டும், மக்களுக்குச் சொத்து உண்டு என்று. என்னைக் கேட்டால் அவெஸ்தாவை விட இதற்காகவே அவரை மதிப்பேன். பிறகு முகலாய இளவரசர் தாரா ஷிகோ பாரசீகத்தில் செய்துவைத்த ஐம்பது உபநிடதங்களின் சுவடி அவர் கைக்கு வந்தது. அவ்வளவையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். 1801, 1802இல் வெளிவந்தது. ஜெர்மன் தத்துவஞானி ஷோபன்ஹவர் உபநிடதம் படித்தது இந்த நூலில்தான்.

அதன் முன்னுரையை இந்தியாவின் அந்தணர்களை விளித்து எழுதியிருக்கிறார். தன் வாழ்க்கையையே அவர்களுக்குக் கணக்குக் காட்டுகிறார்: ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தண்ணீரும் தன் உணவு, குளிர்காலத்திலும் கணப்பு இல்லை, படுக்கையில் விரிப்பு இல்லை, யாரிடமும் சம்பளமோ உதவித்தொகையோ இல்லை. உங்களைப் போலத்தான் நானும் வாழ்கிறேன் என்று காட்டுகிற ஆசை. கொஞ்சம் நாடகம்தான், ஆனால் பொய்யில்லை. 1804இல் நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, கல்விக்கழக உறுப்பினர் பதவியையும் விட்டார். 1805 ஜனவரியில் காலமானார்.

மீன் வந்துவிட்டது. 'போய்' மீனுக்கு முள் அதிகம்; ருசி அதற்கு ஈடு.

புதன், சஞ்சான்

பார்க்க ஒன்றே ஒன்றுதான்: 1920இல் நட்ட நினைவுத்தூண். பார்சிகள் இங்கே கரையேறினார்கள் என்பதன் ஞாபகார்த்தம். பாலில் சர்க்கரை போல உங்களோடு கலந்துவிடுவோம் என்று ஊர் மன்னனுக்கு அவர்கள் பாலில் சர்க்கரை கலந்து காட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். 1599இல் பாரசீகச் செய்யுளாக எழுதப்பட்ட சஞ்சான் வரலாற்றில் அந்தக் கதை இல்லை. பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தூண் அருகே அதே கதையை ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குச் சஞ்சான் முக்கியமானது நெர்யோசங்க் தவல் என்ற குருவால். மத்திய காலத்தில் யஸ்னாவைப் பஹ்லவியிலிருந்து சமஸ்கிருதத்தில் பெயர்த்தவர். அந்தச் சமஸ்கிருதப் பிரதி ஒன்றும் ஆங்கெத்திலின் மூட்டையில் பாரிஸ் போயிருந்தது. தனக்குச் சமஸ்கிருதம் தெரியாததால் அவர் அதைப் பயன்படுத்தவே இல்லை. எழுபது ஆண்டு நூலகத்தில் கிடந்தது. 1826இல் டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்க், அவெஸ்தா மொழி போலியல்ல, சமஸ்கிருதத்துக்கு உடன்பிறந்தது என்று நிறுவினார். அவரும் பம்பாய் வந்து சுவடி சேர்த்தவர். 1833இல் பாரிஸில் யூஜின் பர்னூஃப், நெர்யோசங்கின் சமஸ்கிருதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு யஸ்னாவை வரி வரியாக அவிழ்த்தார். ஜோன்ஸின் கேலி அங்கே முடிந்தது. ஜோன்ஸ் 1794லேயே இறந்துவிட்டிருந்தார்.

வெயில் தாங்கவில்லை. அடுத்த லோக்கலில் கிளம்பிவிட்டேன்.

வியாழன், மும்பை

கோட்டைப் பகுதியில் காமா கீழைத்தேயக் கல்வி நிறுவனம். கார்ஷெட்ஜி ருஸ்தம்ஜி காமாவின் நினைவாக 1916இல் தொடங்கியது. காமா குரு குலத்தவர் அல்ல, வணிகர். வியாபார விஷயமாக ஐரோப்பா போனவர், பாரிஸிலும் ஜெர்மனியின் எர்லாங்கனிலும் அவெஸ்தா படித்துவிட்டு வந்தார். தாராபிடமிருந்து போனது, பாரிஸைச் சுற்றி, ஒப்பியல் மொழிநூலாக உருமாறிப் பம்பாய்க்கே திரும்பியது. காமா தன் வீட்டிலேயே வகுப்பு நடத்தினார், இளம் குருமார்களுக்கு. ஒரு வணிகர் சொல்லிக்கொடுக்க, பரம்பரைக் குருமார்கள் கேட்டார்கள் என்பது அந்தச் சமூகத்தில் சின்ன விஷயமா? அவரிடம் படித்த தெஹ்முராஸ் அங்க்லேசாரியா சொந்தமாக அச்சகம் நடத்தி, அவெஸ்தா, பஹ்லவி எழுத்துகளை வார்த்து நூல்களை அச்சிட்டார். அந்தப் பஹ்லவி அச்செழுத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்த ஒரு பக்கத்தில் பார்த்தேன். கையெழுத்தில் இருந்த சிக்கல் எதுவும் தீரவில்லை. ஆனால் வரி நேராக இருக்கிறது.

இங்கே கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருப்பது ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோதி எழுதிய சிறு நூல். மோதி பெரிய படிப்பாளி, தானே குரு. 1916இல் வெளிவந்தது. தலைப்பில் ஆங்கெத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே தஸ்தூர் தாராப் பெயரும் இருக்கிறது. மூடும் நேரம் என்று இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார்கள். பாதிதான் ஆயிற்று. நாளைக் காலை மீதி, ராத்திரி தாதரில் புதுச்சேரி ரயில்.